ஐம்பது புள்ளி எடுத்தவருக்கு ஏன் பரிசு இல்லை?

எங்கள் குடியிருப்பில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். மூத்தவன் பத்தாம் வகுப்பு, இளையவன் ஒன்பதாம் வகுப்பு. இருவரும் பள்ளியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறார்கள். விடியற்காலையில் அமெரிக்காவில் நடக்கும் என்.பி.ஏ. ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்கள். "மாமா, யாரு பெஸ்ட்?" என்று மாடிப்படியில் என்னை மறித்து நியாயம் கேட்பதும் வழக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிகளுக்கு இடையேயான ஆட்டம் ஒன்று முடிந்து அப்பாவுடன் வந்துகொண்டிருந்தார்கள். அணி வென்றிருந்தது. அப்பா முகத்தில் பெருமை. "பெரியவன் இருபத்திரண்டு புள்ளி எடுத்தான் சார். சின்னவன் ரெண்டே ரெண்டு. ஆட்டம் முழுக்க ஓடினான், ஆனா ஒண்ணும் பண்ணலை" என்றார். கையில் புள்ளித்தாளின் நகல் வேறு. சின்னவன் ஒன்றும் பேசாமல் காலணிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பையனின் முகம் இரண்டு நாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஓர் ஆட்டக்காரன் எவ்வளவு ஆடினான் என்பதை எப்படி அளப்பது? புள்ளித்தாளைப் பார்த்தால் போதுமா? இது ஒரு பள்ளி ஆட்டத்தின் கேள்வி மட்டுமல்ல. உலகின் மிகப் பெரிய கூடைப்பந்துப் போட்டியில், கோடிக்கணக்கில் ஊதியம் வாங்கும் வீரர்கள் விஷயத்திலும் இதே கேள்விதான் ஆண்டுதோறும் எழுகிறது. அதற்கு விடை தேடப் புகுந்தால், 60 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பழைய வழக்கில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் இங்கே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஆட்டம் அறியாதவர்களுக்குச் சில வரிகள்

நம்மில் பலர் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். கூடைப்பந்தின் கணக்கு சற்றே வேறு. ஓர் அணிக்கு ஐந்து பேர். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடங்கள். பந்தைக் கூடையில் போட்டால் 2 புள்ளி. வெகு தூரத்திலிருந்து போட்டால் 3 புள்ளி என்ற விதி 1979-80 சீசனில்தான் என்.பி.ஏ.வில் வந்தது. எதிரணியினர் ஃபௌல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு புள்ளி.

புள்ளியைத் தவிர வேறு இரண்டு கணக்குகளும் முக்கியம். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைத் தாவிப் பிடிப்பதற்கு ரீபவுண்ட் என்று பெயர். தான் போடாமல், போடக்கூடிய இடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைத் தந்து அவன் புள்ளி எடுத்தால், தந்தவன் கணக்கில் ஓர் அசிஸ்ட் ஏறும். இந்த மூன்று கணக்குகளையும் ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி சொல்வார்கள். சீசன் முடிவில் சிறந்தவர் ஒருவருக்கு எம்.வி.பி. என்ற விருது. அணிக்கு மிகவும் மதிப்புள்ள ஆட்டக்காரர் என்பது அதன் பொருள். இந்த 'மதிப்புள்ள' என்ற சொல்லில்தான் நம் வழக்கின் முடிச்சே இருக்கிறது.

நம்ப முடியாத ஒரு சீசன்

1961-62. என்.பி.ஏ.வில் அப்போது ஒன்பது அணிகள்தான். பிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணியில் வில்ட் சேம்பர்லின் என்ற இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். 7 அடி 1 அங்குல உயரம். அதே பிலடெல்ஃபியாவில் பிறந்து வளர்ந்தவர். அந்த சீசனில் அவர் ஆடிய 80 ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் 4,029. சராசரி 50.4. ரீபவுண்ட் சராசரி 25.7.

இதன் அளவு புரிய ஓர் ஒப்பீடு. மைக்கேல் ஜோர்டானின் மிகச் சிறந்த புள்ளிச் சராசரி 1986-87இல் எடுத்த 37.1. ஒரே சீசனில் 3,000 புள்ளிகளைத் தாண்டியவர்கள் சேம்பர்லினைத் தவிர ஜோர்டான் ஒருவர்தான், அதுவும் ஒரே முறை. 4,000ஐத் தாண்டியவர் சேம்பர்லின் மட்டுமே.

இன்னொரு விந்தை. 48 நிமிட ஆட்டத்தில் அவருடைய சராசரி ஆட்ட நேரம் 48.5 நிமிடம்! அச்சுப்பிழை அல்ல. சமநிலையில் முடிந்த ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு, அதிலும் அவர் உட்காரவில்லை. அந்த சீசன் முழுவதும் அவர் களத்தில் இல்லாத நேரம் எட்டு நிமிடங்களும் சில விநாடிகளும்தான். அதுவும் ஓர் ஆட்டத்தில் நடுவர் அவரை வெளியே அனுப்பியதால்!

1962 மார்ச் 2ஆம் தேதி, ஹெர்ஷி என்ற சிற்றூரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக அவர் 100 புள்ளிகள் எடுத்தார். வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. பார்த்தவர்கள் 4,124 பேர்தான். தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் வரவில்லை. '100' என்று எழுதிய வெள்ளைத் தாளைக் கையில் பிடித்தபடி அவர் அமர்ந்திருக்கும் புகைப்படம்தான் உலகம் முழுவதும் பரவியது. அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை.

இப்படி ஒரு சீசன் ஆடியவருக்கு எம்.வி.பி. விருதைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள்.

விருது பெற்றவர்

அந்த ஆண்டின் எம்.வி.பி. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல். சேம்பர்லின் ஆடிய அதே 'சென்டர்' இடத்தில் ஆடியவர். அவருடைய புள்ளிச் சராசரி 18.9, ரீபவுண்ட் 23.6, அசிஸ்ட் 4.5. சேம்பர்லினின் அசிஸ்ட் சராசரி 2.4.

ஏதோ கட்சி கட்டிச் செய்த சதி என்று எண்ணிவிட வேண்டாம். அக்காலத்தில் எம்.வி.பி.யைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்ல, ஆட்டக்காரர்களே. இந்த இருவரோடும் மாலைதோறும் மோதி, முழங்கை இடி வாங்கிய சக ஆட்டக்காரர்கள் போட்ட ஓட்டு அது. அதே ஆட்டக்காரர்கள்தான் 1959-60இல், சேம்பர்லின் புதிதாக வந்த முதல் ஆண்டிலேயே, அவருக்கு எம்.வி.பி. கொடுத்தவர்கள். ஆகவே அவர்மேல் பொறாமை என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஐவர் அணியில் சென்டராக இடம்பெற்றவர் சேம்பர்லின். ரஸ்ஸலுக்கு இரண்டாவது அணியில்தான் இடம். அதாவது, அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு சேம்பர்லின் முதல்வர், களத்துக்குள் நின்று ஆடியவர்களுக்கு ரஸ்ஸல் முதல்வர். ஒரே சீசன், ஒரே இடம், இரண்டு தீர்ப்புகள். யார் சொன்னது சரி?

எண்களை எடை போடுவோம்

முதலில் சேம்பர்லினுக்காக வாதாடுவோம். பெரிய எண்ணைப் பார்த்ததும் மயங்குவது எப்படித் தவறோ, அப்படியே அதை அலட்சியப்படுத்துவதும் தவறு.

'நிறைய எறிந்தார், நிறைய விழுந்தது' என்பது அவர்மேல் சொல்லப்படும் குறை. எறிந்தது உண்மை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 39.5 தடவை. ஆனால் அவற்றில் 50.6 விழுக்காடு கூடையில் விழுந்தன. அந்த ஆண்டு என்.பி.ஏ. முழுவதன் சராசரி சுமார் 42.6 விழுக்காடுதான். ஆக, அவர் கையில் பந்து போனால் மற்றவர்கள் கையில் போவதைவிட அணிக்கு லாபம். அவரை இடைவிடாமல் ஆடவைப்பதும், பந்தை அவரிடமே சேர்ப்பதும் பயிற்சியாளர் ஃப்ராங்க் மெக்குவயர் வகுத்த திட்டம். ஆகவே சேம்பர்லின் சுயநலமாகப் பந்தைப் பிடுங்கிக்கொண்டார் என்பது நியாயமல்ல. சொன்ன வேலையைச் செய்தார், வேறெவரும் செய்ய முடியாத அளவுக்குச் செய்தார்.

இனி மறுபக்கம். எந்த எண்ணையும் அதன் காலத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தாத்தா காலத்து நூறு ரூபாய்ச் சம்பளத்தை இன்றைய நூறு ரூபாயாக நினைத்தால் என்ன ஆகும்? அதுபோலத்தான் இதுவும். 1961-62இல் ஆட்டம் மின்னல் வேகத்தில் நடந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாகச் சுமார் 108 முறை கூடையை நோக்கி எறிந்தது. அண்மை ஆண்டுகளில் அது 90க்குச் சற்றுக் குறைவு. எறிதல் அதிகம், தவறுவது அதிகம், ஆகவே ரீபவுண்டும் அதிகம். அன்று ஓர் அணிக்குச் சராசரி 71 ரீபவுண்டுகள், இன்று 44 அளவில்.

நாமே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய வேகத்துக்கு மாற்றினால் சேம்பர்லினின் 25.7 ரீபவுண்ட் ஏறக்குறைய 16 ஆகிறது. 50.4 புள்ளி ஏறக்குறைய 41 அல்லது 42 ஆகிறது. மலை சற்றுச் சிறுத்தாலும் மலைதான். ஜோர்டானின் 37.1ஐவிட இன்னும் உயரம்தான். ஆனால் வானத்திலிருந்து இறங்கிவந்த எண்ணாகத் தோன்றியது, இப்போது மனிதர் எட்டக்கூடிய எண்ணாகத் தெரிகிறது. அதே சீசனில் சின்சினாட்டி ராயல்ஸ் அணியின் ஆஸ்கர் ராபர்ட்சன், புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி பெற்றார். 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் செய்யும்வரை, 55 ஆண்டுகள் அதை வேறெவரும் செய்யவில்லை. வேகமான அந்த ஆண்டில் எல்லாருடைய எண்களும் உப்பியிருந்தன என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

அடுத்தது, ஃப்ரீ த்ரோ. எதிரில் யாரும் தடுக்காமல் நிதானமாக நின்று எறிவது. சேம்பர்லினுக்கு ஓர் ஆட்டத்துக்கு 17 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. அவற்றில் ஆறு ஏழு தவறின. 61.3 விழுக்காடுதான் தேறியது. இதுவே அவர் வாழ்நாளில் மிகச் சிறந்த சீசன் என்றால் மற்ற ஆண்டுகளை ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அவர் இரு கைகளாலும் பந்தைத் தாழப் பிடித்து, கீழிருந்து மேலே எறியும் முறையைக் கையாண்டார். நூறு புள்ளி எடுத்த அன்று 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 விழுந்தன! ஆனாலும் பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டார். பார்ப்பவர்களுக்கு ஆண்மைக் குறைவாகத் தோன்றுமோ என்று கூசியதைப் பின்னாளில் தம் வாழ்க்கைக் கதையில் அவரே ஒப்புக்கொண்டார். பலன் தரும் வழியை ஊர் சிரிக்குமோ என்று விட்டுவிடுவது நமக்கும் புதிதல்லவே!

ஏட்டில் ஏறாத வேலை

இப்போது ரஸ்ஸலிடம் வருவோம். 18.9 புள்ளி எடுத்தவரிடம் சக ஆட்டக்காரர்கள் கண்டது என்ன?

முதல் விஷயம், அவர் செய்த முக்கியமான வேலைக்கு அன்று புள்ளித்தாளில் கட்டமே கிடையாது. எதிரி எறியும் பந்தைக் காற்றிலேயே தட்டிவிடுவதற்கு பிளாக் என்று பெயர். எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பது ஸ்டீல். இவை இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74இல்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969இல். தடுப்பாட்டத்தில் ஈடிணையற்றவர் என்று பெயர் எடுத்தவரின் தடுப்புக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை!

அவர் தட்டிய விதமும் தனி. பந்தைக் கூட்டத்துக்குள் பறக்கவிட்டுக் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆனால் வெளியே போன பந்து மீண்டும் எதிரணிக்கே கிடைக்கும். ரஸ்ஸல் பந்தை மெதுவாக, களத்துக்குள்ளேயே, தம் தோழர்கள் பக்கம் விழும்படி தட்டுவார். ரீபவுண்ட் பிடித்தாலும் அடுத்த நொடியே பாப் கூஸி போன்றவர்களிடம் வீசிவிடுவார். எதிரணி திரும்பி ஓடுவதற்குள் மறுகோடியில் பந்து கூடைக்குள் இருக்கும். அந்தக் கூடை போட்டவர் பெயரில் 2 புள்ளி ஏறும். தொடங்கிவைத்தவர் பெயரில் பெரும்பாலும் ஒன்றும் ஏறாது.

இதன் விளைவு அணியின் கணக்கில் தெரிகிறது. அந்த சீசனில் செல்டிக்ஸ் விட்டுக்கொடுத்த புள்ளிகள் ஆட்டத்துக்குச் சுமார் 112. வாரியர்ஸ் விட்டுக்கொடுத்ததோ சுமார் 123. செல்டிக்ஸில் எவருடைய சராசரியும் 25 புள்ளிகளை எட்டவில்லை, ஆனால் ஐந்தாறு பேர் பங்கு போட்டு எடுத்தார்கள். வாரியர்ஸில் பத்தில் நான்கு பங்கு புள்ளிகள் ஒரே மனிதருடையவை. சீசன் முடிவில் செல்டிக்ஸ் 60 வெற்றி, 20 தோல்வி. வாரியர்ஸ் 49 வெற்றி, 31 தோல்வி.

இறுதிச் சுற்றுக்கு முந்திய தொடரில் இரு அணிகளும் மோதின. ஏழாவது ஆட்டம்வரை இழுபறி. அதில் 107-107 என்று சமநிலை. இரண்டே விநாடிகள் மிச்சமிருக்கையில் செல்டிக்ஸின் சாம் ஜோன்ஸ் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 109-107. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரஸ்ஸல் 30 புள்ளிகளும் 40 ரீபவுண்டுகளும் எடுத்து, கோப்பையை பாஸ்டனுக்குக் கொண்டுபோனார். தேவைப்படும் நாளில் அவரால் புள்ளியும் எடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இரண்டு புள்ளியில் தோற்றவரை 'தோற்றவர்' என்றே முத்திரை குத்துவதும் சரியல்ல. சாம் ஜோன்ஸின் அந்தப் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால் நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம். நம் கிரிக்கெட்டில் 2016 ஐ.பி.எல்.லை நினைத்துக்கொள்ளுங்கள். விராட் கோலி 973 ரன் குவித்தார். இறுதி ஆட்டத்தில் அவருடைய பெங்களூரு அணி 8 ரன்னில் தோற்றது. அதனால் அந்த 973 பொய்யாகிவிடுமா? ஆகவே வெற்றி தோல்வி என்ற ஒரே ஒரு கேள்வியையும் நம்பக்கூடாது. பின் எதைத்தான் நம்புவது? சேம்பர்லின் வாழ்க்கையே அதற்கு விடை சொல்கிறது.

ஒரே மனிதர், பல சீசன்கள்

ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை அறிய நல்ல வழி, அவர் மாறும்போது அணி எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான்.

சேம்பர்லின் வருவதற்கு முந்திய ஆண்டு, 1958-59இல், வாரியர்ஸ் 32 வெற்றி, 40 தோல்வி. அவர் வந்த 1959-60இல் 49 வெற்றி, 26 தோல்வி. ஒரு மனிதர் வந்ததும் அணி தலைநிமிர்ந்தது. அவருக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கு இதுவே பதில்.

1962இல் அணி பிலடெல்ஃபியாவிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் பால் அரிஸின் ஊரை விட்டுப் போக மனமின்றி என்.பி.ஏ.விலிருந்தே விலகிக்கொண்டார். அந்த 1962-63 சீசனில் சேம்பர்லினின் சராசரி 44.8 புள்ளி. வரலாற்றில் இரண்டாவது பெரிய எண். அணியோ 31 வெற்றி, 49 தோல்வி! இறுதிக்கட்டப் போட்டிகளுக்கே தகுதி பெறவில்லை. தனி மரம் எவ்வளவு நெடிதுயர்ந்தாலும் தோப்பாகாது.

அடுத்த ஆண்டு அலெக்ஸ் ஹன்னம் பயிற்சியாளராக வந்தார். சேம்பர்லினைத் தடுப்பிலும் பந்து கொடுப்பதிலும் கவனம் செலுத்தச் செய்தார். புள்ளிச் சராசரி 36.9ஆக இறங்கியது. அணி 48 வெற்றி, 32 தோல்வி என ஏறி, இறுதித் தொடர்வரை போய் செல்டிக்ஸிடம் தோற்றது.

பிறகு சேம்பர்லின் பிலடெல்ஃபியா 76அர்ஸ் அணிக்கு மாறினார். 1966-67இல் அங்கும் ஹன்னம் வந்து சேர்ந்தார். ஹால் க்ரியர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம் என்று புள்ளி எடுக்கக்கூடியவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். ஆட்டத்துக்கு 39.5 தடவை எறிந்தவர் இப்போது 14 தடவைதான் எறிந்தார். புள்ளிச் சராசரி 24.1. பழைய கணக்கில் பாதிகூட இல்லை. ஆனால் எறிந்தவற்றில் 68.3 விழுக்காடு விழுந்தன. அசிஸ்ட் 2.4லிருந்து 7.8ஆக உயர்ந்தது. ரீபவுண்ட் 24.2, அது அதிகம் குறையவில்லை.

அணி? 68 வெற்றி, 13 தோல்வி. அதுவரை என்.பி.ஏ. கண்டிராத கணக்கு. தொடர்ந்து எட்டு ஆண்டுகள் கோப்பையை வென்றிருந்த செல்டிக்ஸை நான்குக்கு ஒன்று என்று வீழ்த்தி, இறுதித் தொடரையும் வென்றார்கள். சேம்பர்லினுக்கு முதல் கோப்பை. எம்.வி.பி.யும் அவருக்கே.

இந்த இரண்டு சீசன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50.4 எடுத்த ஆண்டு உலகம் வாய்பிளந்தது, 24.1 எடுத்த ஆண்டு அவருடைய அணி உலகை வென்றது. எது சிறந்த சீசன் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே சொல்வேன். அவர் குறைந்த அளவு, மற்ற நால்வரும் வளர்ந்தார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'சரி, இனி அசிஸ்ட்தான் நல்ல எண்' என்று பிடித்துக்கொண்டால் அதுவும் பிழை. 1967-68இல் சேம்பர்லின் 702 அசிஸ்டுகள் கொடுத்து, மொத்த எண்ணிக்கையில் என்.பி.ஏ.விலேயே முதலிடம் பிடித்தார். சென்டர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது பெரும் சாதனை. ஆனால் செல்டிக்ஸுக்கு எதிரான தொடரில் மூன்றுக்கு ஒன்று என முன்னிலையில் இருந்த அவருடைய அணி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் பிற்பாதியில் அவர் கூடையை நோக்கி முயன்றது இரண்டே தடவை. எறிய வேண்டிய நேரத்தில் எறிவதும் அணிக்குச் செய்யும் உதவிதான். அணிக்கு அன்று என்ன தேவை என்பதே கேள்வி. எந்தக் கட்டத்தில் எண் ஏறுகிறது என்பது அல்ல.

அந்தக் கேள்வியின் விடையை அவர் 1971-72இல் லேக்கர்ஸ் அணியில் நன்றாகவே அறிந்திருந்தார். புள்ளிச் சராசரி 14.8 மட்டும், ரீபவுண்ட் 19.2. அந்த அணி தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை வென்றது. 69 வெற்றி, 13 தோல்வி, கோப்பை. காயம்பட்ட கையோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் 24 புள்ளி, 29 ரீபவுண்ட். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

வீட்டில் கேட்க ஐந்து கேள்விகள்

இன்று கணக்கெடுக்கும் முறை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி கூடுதலாகவோ குறைவாகவோ எடுத்தது என்பதை 'பிளஸ் மைனஸ்' என்ற பெயரில் ஆட்டத்துக்கு ஆட்டம் வெளியிடுகிறார்கள். ஃப்ரீ த்ரோவையும் தூர எறிதலையும் சேர்த்து, கிடைத்த வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடும் முறையும் உண்டு. ஆனாலும் அடிப்படைக் கேள்விகள் பழையவைதான். ஏப்ரல் மாதம் 82 ஆட்டங்கள் கொண்ட சீசன் முடிந்ததும், உங்கள் பிள்ளைகள் 'யார் சிறந்தவர்' என்று சண்டையிடும்போது, இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: எவ்வளவு எடுத்தார் என்பதோடு, எத்தனை வாய்ப்பில் எடுத்தார்?

இரண்டு: அந்த ஆண்டு மற்றவர்கள் எப்படி ஆடினார்கள்? ஊரே உயர்ந்திருக்கும்போது ஒருவர் உயர்ந்ததை எப்படி மதிப்பது?

மூன்று: எத்தனை ஆட்டங்களில், எத்தனை நிமிடங்கள் களத்தில் இருந்தார்? காயத்தால் பாதி ஆட்டங்களில் உட்கார்ந்திருப்பவரின் அழகான சராசரி, ஏட்டுச் சுரைக்காய்தான்.

நான்கு: எதிரணியை எவ்வளவு தடுத்தார்? இதைத் தாளில் முழுவதும் காண முடியாது. கண்ணால் ஆட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்து: அவர் பக்கத்தில் ஆடிய நால்வரும் அவரால் மேலும் நன்றாக ஆடினார்களா?

இந்த ஐந்தாவது கேள்விக்காகத்தான் 1962இல் ஆட்டக்காரர்கள் ரஸ்ஸலுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது என் துணிபு. 13 சீசன்களில் 11 கோப்பைகள் வென்ற ரஸ்ஸல் 2022இல் மறைந்தபோது, அவர் அணிந்த 6ஆம் எண்ணைப் புதிதாக வரும் எந்த ஆட்டக்காரருக்கும் எந்த அணியும் தருவதில்லை என்று என்.பி.ஏ. அறிவித்தது. சேம்பர்லின் 1999லேயே மறைந்துவிட்டார். அவருடைய 50.4 இன்னும் அசையாமல் நிற்கிறது. அதையும் மதிப்போம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல் இருந்தால் போதும்.

இந்தக் கதையை அந்தச் சகோதரர்களின் அப்பாவிடம் ஒரு மாலை சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அடுத்த ஞாயிறு நானும் ஆட்டம் பார்க்கப் போனேன். அப்பா பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்து, தம் கையாலேயே கோடு போட்டு, 'பந்து பிடித்தது', 'பந்து கொடுத்தது', 'தடுத்தது' என்று மூன்று கட்டங்கள் எழுதியிருந்தார். சின்னவன் பெயருக்கு நேரே கோடுகள் மளமளவென்று விழுந்தன. ஒரு கட்டத்தில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார். இந்தத் தடவை சின்னவன் எடுத்தது 4 புள்ளி.

ஆட்டம் முடிந்ததும் மூத்தவன் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தான். "இதைத்தாம்ப்பா நான் அன்னிக்கே சொல்ல வந்தேன். நான் போட்டதுல பாதி இவன் குடுத்த பந்து" என்றான். சின்னவன் இந்த முறையும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் காலணிக் கயிற்றைப் பார்க்கவில்லை.